சிலைக்கு முன் இலை

டிசம்பர் பிறந்தால் அருப்புக்கோட்டை வட்டாரத்தில் இரண்டு நினைவு நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன. 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். மறைந்த நாள், 28-ஆம் தேதி விஜயகாந்த் மறைந்த நாள். முன்னவரை 1977 தேர்தலில் சட்டமன்றத்துக்கு அனுப்பி முதலமைச்சர் நாற்காலியில் அமர்த்தியது அருப்புக்கோட்டைத் தொகுதி. பின்னவருக்கு அருப்புக்கோட்டை அருகே உள்ள ராமானுஜபுரம் பூர்வீகம். இருவருக்கும் படம் வைத்து, மாலை போட்டு, பாட்டுப் போட்டு ஊர் அஞ்சலி செலுத்துகிறது. அந்த அன்பில் குறை காண எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அது என்ன வடிவம் எடுக்க வேண்டும் என்று யோசிக்கும் கடமை ஊருக்கு உண்டு. மறைந்த கலைஞருக்கோ விளையாட்டு வீரருக்கோ சிலையும் ஃப்ளெக்ஸும் வைக்குமுன், அவர் எதனால் மக்கள் மனத்தில் இடம்பிடித்தாரோ அதைத் தொடர ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். இதுவே நம் நிலைப்பாடு.

விஜயகாந்தையே எடுத்துக்கொள்வோம். மதுரையில் தந்தையின் ரைஸ்மில்லைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞர் அவர். 1979-இல் ‘இனிக்கும் இளமை’யில் தொடங்கி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 1991-இல் வந்த தன் நூறாவது படமான ‘கேப்டன் பிரபாகரன்’ மூலம் ‘கேப்டன்’ ஆனார். நடிகர் சங்கத் தலைவராக இருந்து அதன் கடனை அடைத்தார். கட்சி தொடங்கி, 2011-இல் எதிர்க்கட்சித் தலைவராகவும் ஆனார். 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தபோது சென்னையில் திரண்ட கூட்டம் இவற்றில் எதைச் சொல்லி அழுதது? படப்பிடிப்பில் நாயகனுக்குப் போடுகிற சாப்பாடே லைட்மேனுக்கும் போட வேண்டும் என்று நின்றதைத்தான். பசியோடு வந்தவரை அவர் அலுவலகம் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை என்பதைத்தான். மறு ஆண்டு பத்ம பூஷண் வந்தது, அது பெருமைதான். ஆனால் கோயம்பேட்டில் அவர் நினைவிடத்தில் நடக்கும் அன்னதானம்தான் அவரை இன்றும் நேரில் பார்ப்பது போன்ற உணர்வைத் தருகிறது.

கரிசல் காட்டுக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. விருதுநகரில் பிறந்த காமராசருக்குத் தமிழ்நாட்டில் சிலை இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னதும் பெரியவர்கள் கண் கலங்குவது, பள்ளிக்கூடத்தில் அவர் போட்ட மதிய உணவை நினைத்துத்தான். அதற்கான விதை 1956-இல் பக்கத்து எட்டயபுரத்தில் ஊன்றப்பட்டது. எம்.ஜி.ஆருக்கும் அப்படியே. 1982 ஜூலையில் அவர் தொடங்கிய சத்துணவு, அவர் படம் ஒன்றைக்கூடப் பார்த்திராத பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்களுக்குப் பசி என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்த வருடங்களில் கண்மாய் வறண்டு, கூலிக்கு ஊர்விட்டு ஊர் போன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இந்த மண்ணின் நன்றி உலையிலிருந்துதான் தொடங்குகிறது. இலை போட்டவரை அது மறப்பதே இல்லை.

துயரம் எந்தத் திசைக்கும் திரும்பக்கூடியது. கர்நாடகத்தில் ஒரே குடும்பத்தில் நேர்ந்த இரண்டு மரணங்கள் அதற்குச் சாட்சி. 2006-இல் கன்னட நடிகர் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரில் கலவரம் வெடித்தது. காவலர் ஒருவர் உட்பட உயிர்கள் பறிபோயின. 2021 அக்டோபரில் அவருடைய மகன் புனித் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தார். தந்தையைப் போலவே அவருடைய கண்களும் தானமாகத் தரப்பட்டன. நான்கு பேர் பார்வை பெற்றனர். அதைக் கண்ட ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கண்தானத்துக்கு முன்வந்தார்கள். சோகம் இரண்டு முறையும் ஒன்றேதான்; இரண்டாவது முறை அது போக ஒரு வழி இருந்தது. அந்த வழியை முன்கூட்டியே அமைத்துவைப்பதுதான் ரசிகர் மன்றங்களின் வேலை. நமக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கண் வங்கி பக்கத்திலேயே இருக்கிறது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும் என்பதை ஊரெங்கும் எடுத்துச் சொல்ல மன்றத்துப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்?

2021 ஏப்ரலில் மறைந்த நடிகர் விவேக்கும் அப்படித்தான் நிலைக்கிறார். அப்துல் கலாமின் விருப்பத்தை ஏற்று ஒரு கோடி மரக்கன்று நட வேண்டும் என்று ஊர் ஊராகப் போனவர் அவர். இறுதி ஊர்வலம் முடிவதற்குள்ளாகவே தமிழ்நாட்டின் பல ஊர்களில் ரசிகர்கள் கன்று நட்டார்கள். சென்னையில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது; நல்லது. ஆனால் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும் நம் கண்மாய்க் கரைகளில் அவர் பெயரால் வேம்பும் புங்கையும் பனையும் வளர்ந்து நிற்பதைவிட அவருக்குப் பெரிய மரியாதை இருக்க முடியாது.

ஃப்ளெக்ஸ் வைக்கக்கூட ஆள் இல்லாமல் போகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூனில் 99 வயதில் மறைந்தார். காட்டு வேலையில் பிறந்த பாட்டை வானொலிக்கும், அங்கிருந்து 1985-இல் ‘ஆண்பாவம்’ படத்துக்கும் கொண்டு சென்றவர். கலைமாமணி விருது பெற்றவர். அவர் பெயராவது செய்தித்தாளில் வந்தது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய வள்ளி திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் நடத்திய ராஜபார்ட்டுகள், பபூன்கள், ஆர்மோனியக்காரர்கள், கரகம் ஆடியவர்கள், ஒப்பாரி பாடியவர்கள் எத்தனை பேர் ஒரு வரிச் செய்திகூட இல்லாமல் போய்விட்டார்கள்! அவர்களோடு பாட்டும் போய்விடுகிறது. திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்த வீடு ‘சுந்தர மந்திரம்’ என்ற பெயரில் இன்றும் பேணப்படுகிறது. பேண வேண்டும் என்று சிலர் முடிவெடுத்ததால்தான் அது நிற்கிறது. கிராமத்துக் கலைஞர்களுக்காகவும் யாராவது அப்படி முடிவெடுக்க வேண்டும்.

விளையாட்டிலும் இதே கதைதான். பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் ‘நினைவுச் சுழற்கோப்பை’ என்று கபடிப் போட்டி நடக்கிறது. செத்துப்போன ஆட்டக்காரர் பெயரில் ஆட்டத்தையே தொடர்வது நம் மக்கள் தாமாகக் கண்டுபிடித்த அருமையான அஞ்சலி. அதில் ஒரு குறையைத் தீர்க்க வேண்டும். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஓர் இளம் வீரர் கபடிக் களத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். அதற்குப் பிறகும் முதலுதவி தெரிந்த ஒருவரோ தயாராக ஒரு வண்டியோ இல்லாமல் போட்டி நடத்துவது, கோப்பையில் பெயர் எழுதப்பட்டவருக்குச் செய்யும் அவமரியாதை.

சிலை இருந்தால்தானே அடுத்த தலைமுறைக்குத் தெரியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிலையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சிலைக்கு ஒருமுறை பணம் திரட்டினால் போதும். இலைக்கு ஆண்டு முழுவதும் மனம் வேண்டும். ஆண்டில் 364 நாளும் காக்கைக்கு விட்டுவிட்டு ஒரு நாள் கழுவி மாலை போடுகிற சிலை எந்தப் பிள்ளைக்கும் எதையும் கற்றுத் தராது. ஃப்ளெக்ஸைப் பற்றியோ விவாதமே தேவையில்லை. 2019-இல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிர் போனது. அதற்குப் பின்னும் சாலையோரத்தில் சட்டத்தை மீறிக் கட்டும் எந்தப் படமும் அஞ்சலி ஆகாது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்து ஒரு டீயோடு பொழுதைத் தள்ளும் கிராமத்து மக்களுக்கு மதியச் சாப்பாடு போடும் ஏற்பாட்டை, விஜயகாந்த் பெயரில் அவருடைய ரசிகர்களும் வியாபாரிகளும் நெசவாளர்களும் சேர்ந்து தொடங்க வேண்டும். கட்சி வேறுபாடு இல்லாமல் எவரும் இதற்கு அரிசி தரலாம். மாவட்ட நிர்வாகமும் கலை பண்பாட்டுத் துறையும் கல்லூரி மாணவர்களைக் கொண்டு, இருக்கிற முதிய கலைஞர்களின் பாட்டையும் நாடகத்தையும் பதிவு செய்ய வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பெயர் சேராதவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்க்க வேண்டும். முதலுதவி ஏற்பாடு இல்லாத போட்டிக்குக் காவல் துறை அனுமதி தரக் கூடாது.

இவற்றில் எதற்கும் கோடிகள் தேவைப்படாது. வருகிற டிசம்பருக்குள் மருத்துவமனைச் சாப்பாட்டையாவது தொடங்கிவிட முடியும். ஒவ்வொரு மன்றமும் இந்த ஆண்டு ஃப்ளெக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தை அரிசிக்குத் திருப்பட்டும். முதல் பந்தி அதில் நடக்கட்டும்.