பன்னிரண்டு லட்சத்தில் கைக்கு வருவது

மென்பொருள் வேலையில் சம்பளம் பேசும் வாய்ப்பு பெரும்பாலும் முதல் வேலையில் கிடைப்பதில்லை. கல்லூரி வளாகத் தேர்வில் மொத்தமாக ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் ஆண்டுச் சம்பளம், பத்தாண்டுகளுக்கும் மேலாக மூன்று, நான்கு லட்சத்தைப் பெரிதாகத் தாண்டவில்லை. இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தோடு வேறிடம் மாறும்போதுதான் பேச்சுக்கே இடம் வருகிறது. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரிலிருந்து ஓ.எம்.ஆருக்கோ பெங்களூருக்கோ போன முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்போது வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. மல்லாட்டை மூட்டைக்கு விலை படியாவிட்டால் வண்டியைத் திருப்பத் தெரிந்த குடும்பமும், ஹெச்.ஆர். சொன்ன தொகையை அப்படியே வாங்கிக்கொள்ளச் சொல்கிறது.

ஹெச்.ஆரின் முதல் கேள்வி, இப்போதைய சிடிசி, அதாவது நிறுவனம் ஒருவருக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, எவ்வளவு என்பது. அதன்மேல் இத்தனை சதவீதம் ஹைக் என்று கணக்குப் போட்டால், குறைவாகத் தொடங்கியவர் எத்தனை முறை மாறினாலும் பின்தங்கியே இருப்பார். இது அநியாயம். கலிஃபோர்னியாவில் 2018 முதல் பழைய சம்பளத்தைக் கேட்கவே சட்டம் தடை விதிக்கிறது. இந்தியாவில் அப்படிப்பட்ட தடை இல்லை. கூட்டிச் சொல்வதும் உதவாது. பேஸ்லிப், வங்கிக் கணக்கு அறிக்கையில் உண்மை தெரிந்துவிடும். பழைய தொகையை உள்ளபடி சொல்லி, அந்தப் பொறுப்புக்குச் சந்தையில் தரப்படும் சம்பளத்தை விசாரித்து அதையே எதிர்பார்ப்பாக வைப்பதுதான் சரி.

அடுத்தது, சிடிசியைப் பிரித்துப் பார்ப்பது. பன்னிரண்டு லட்சம் என்றதும் மாதம் ஒரு லட்சம் என்று மனம் கணக்குப் போடும். அதில் பாதி அடிப்படைச் சம்பளம் என்றால், நிறுவனத்தின் 12 சதவீத பி.எஃப். பங்கு 72,000 ரூபாய். கிராஜுவிட்டிக்கு ஏறக்குறைய 29,000. பத்து சதவீதம் வேரியபிள் என்றால் இன்னொரு 1,20,000 ரூபாய்க்கு உத்தரவாதம் இல்லை. ஊழியரின் பி.எஃப். பங்கும் பிடிக்கப்பட்டபின் மாதம் கைக்கு வருவது சுமார் 75,000தான். கிராஜுவிட்டியும் வழக்கமாக ஐந்தாண்டு பணிக்குப் பிறகே கிடைக்கும். ஆகவே பேச வேண்டியது ஃபிக்ஸட் தொகையைப் பற்றித்தான். ஜாயினிங் போனஸ் ஒரு முறை வருவது. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கேட்கும் நிபந்தனையும் பல இடங்களில் உண்டு.

பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். சீக்கிரம் சேரச் சொல்லும் நிறுவனத்திடம், மீதி நோட்டீஸ் நாட்களுக்கு ஈடாகக் கட்டும் பை-அவுட் தொகையை ஏற்கும்படி கேட்கலாம். கையில் இன்னொரு ஆஃபர் இருந்தால் பேச்சுக்கு வலு கூடும். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லக் கூடாது. பேசி முடிந்த ஒவ்வொன்றும் ஆஃபர் லெட்டரில் இருக்க வேண்டும். அது எழுத்தில் வரும்வரை ராஜினாமா கடிதத்தை அனுப்பாதீர்கள்.