இரும்புக் கார் உயிரைக் காக்குமா?

"அந்தக் காலத்துக் கார் இரும்புக் கார்! இந்தக் காலத்துக் கார் தகரக் கார்!"

பெரியவர்கள் பலர் இப்படிச் சொல்வது உண்டு.

அம்பாசடர் காரில் போனவர்கள் இன்றும் அதன் பெருமையைப் பேசுகிறார்கள். "யானை மாதிரி வண்டி. எதன் மீது மோதினாலும் ஒரு கீறல்தான் விழும். இப்போது வரும் கார் லேசாக இடித்தாலே அப்பளம் போல நொறுங்கிவிடுகிறது" என்கிறார்கள்.

அப்படியானால் பழைய கார்தான் பத்திரமானதா? புதிய கார் ஏமாற்று வேலையா?

கார் நொறுங்குவது உண்மைதான். ஆனால் காரில் இருந்த மனிதன் என்ன ஆனான்? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மோதவிட்டுப் பார்த்தார்கள்!

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து ஒரு நிலையம் நடத்துகின்றன. நெடுஞ்சாலை விபத்துக்களை ஆராய்வது அதன் வேலை. அந்த நிலையம் தொடங்கியது 1959-ஆம் ஆண்டு.

2009-ல் அதற்கு 50 வயது நிறைந்தது. அதையொட்டி ஒரு சோதனை நடத்தினார்கள்.

1959-ஆம் ஆண்டில் செய்த "செவர்லே பெல் ஏர்" கார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நீளமான கார். பார்த்தாலே கம்பீரமாக இருக்கும். எதிரே, அதே கம்பெனி 2009-ல் செய்த "மாலிபு" காரை நிறுத்தினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை.

இரண்டிலும் டிரைவர் இருக்கையில் மனிதனைப் போன்ற பொம்மையை உட்கார வைத்தார்கள். இரண்டு கார்களையும் மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள்.

என்ன நடந்தது?

பழைய காரின் முன் கண்ணாடி கழன்று பறந்தது. கதவு திறந்துகொண்டது. ஸ்டீரிங் பின்னோக்கிப் பாய்ந்து பொம்மையைத் தாக்கியது. டிரைவர் உட்காரும் இடமே நசுங்கிவிட்டது. உயிருள்ள மனிதன் அங்கே இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான்.

புதிய காரின் முன்பக்கமும் நொறுங்கிப் போனது. ஆனால் டிரைவர் உட்காரும் இடம் அப்படியே இருந்தது. அங்கே ஒரு மனிதன் இருந்திருந்தால், காலில் மட்டும் சிறு காயம் பட்டிருக்கும்!

சிலருக்குச் சந்தேகம் வந்தது. "பழைய காரில் எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள்" என்றார்கள். அது தவறு. 6 சிலிண்டர் எஞ்சின் உள்ளேயே இருந்தது.

தேங்காயும் மட்டையும்

நொறுங்கிய கார் எப்படி மனிதனைக் காப்பாற்றியது?

தென்னை மரத்திலிருந்து தேங்காய் விழுகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் உள்ளே உள்ள காய் உடைவது இல்லை. காரணம், மட்டை. விழுந்த அடியை மட்டை தாங்கிக்கொள்கிறது.

அதே காயை உரித்து, ஒரு இரும்புப் பெட்டியில் போட்டு, மரத்தின் உச்சியிலிருந்து கீழே போட்டால் என்ன ஆகும்? பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் காய் உடைந்துவிடும்.

பழைய கார் இரும்புப் பெட்டி. புதிய கார் மட்டையுள்ள தேங்காய்.

புதிய காரில் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. மோதலின் வேகத்தை அவை வாங்கிக்கொள்கின்றன. நடுவில் மனிதர்கள் உட்காரும் பகுதி மட்டும் உறுதியான எஃகினால் ஆனது. அது எளிதில் நசுங்காது.

இந்த யோசனையைச் சொன்னவர் பெலா பாரெனி என்ற எஞ்சினீயர். மெர்சிடிஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். "கார் முழுவதும் கெட்டியாக இருக்கக்கூடாது" என்ற அவருடைய கருத்து, 1950-களில் பலருக்கு விசித்திரமாகத் தோன்றியது. இன்று உலகம் முழுவதும் கார்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன.

இந்தியச் சாலையில்

இந்தியாவில் பல ஆண்டுகள் மூன்றே வகைக் கார்கள்தான் அதிகமாக ஓடின.

ஒன்று, அம்பாசடர். மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் தயாரானது. இங்கிலாந்து நாட்டு "மோரிஸ் ஆக்ஸ்போர்டு" காரின் மறு உருவம் அது. மந்திரி முதல் வாடகைக் கார் டிரைவர் வரை அதில்தான் போனார்கள்.

இரண்டாவது, பம்பாயில் செய்த பியட். பிறகு அது "பிரிமியர் பத்மினி" ஆயிற்று.

மூன்றாவது, சென்னையில் செய்த "ஸ்டாண்டர்டு ஹெரால்டு". 1961-ல் வந்தது.

கார் வேண்டும் என்றால் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் வந்த நாள் வீட்டில் திருநாள்!

1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மாருதி 800 வந்தது. நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்கத் தொடங்கின. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ கார் வந்தது. பழைய கார்கள் மெல்ல மெல்ல ஒதுங்கின. 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தோடு மும்பையில் பத்மினி டாக்சிகளின் ஓட்டமும் முடிந்தது.

பழைய காரின் நல்ல குணம்

பழைய காருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அதை மறுக்க முடியாது.

நடுவழியில் நின்றுவிட்டதா? முன்மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஸ்பேனரும் திருப்புளியும் இருந்தால் போதும். சின்ன ஊர் மெக்கானிக்கூட ஓட வைத்துவிடுவார். அதை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன.

புதிய காரில் எல்லாம் மின்னணுக் கருவிகள். கோளாறு எது என்று அறியவே கம்ப்யூட்டர் வேண்டும். 2021-ல் சில்லு என்னும் சிறு மின்னணுப் பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனால் உலகம் முழுவதும் கார் உற்பத்தி பாதிக்கப்பட்டது!

ரிப்பேர் செலவும் அதிகம். முன்பக்கம் நொறுங்கினால் பெரும் பணம் கேட்கும். ஆனால் நொறுங்கியது இரும்புதான். அதைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம்.

புதியது எல்லாம் நல்லதா?

அதுவும் இல்லை.

2014-ஆம் ஆண்டு ஜனவரியில், இந்தியாவில் விற்பனையான 5 சிறிய கார்களை "குளோபல் என்கேப்" என்ற அமைப்பு மோதவிட்டுச் சோதித்தது. அவை விலை குறைந்த ரகங்கள். காற்றுப்பை இல்லாதவை. பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்துக்கும் கிடைத்த மார்க்கு பூஜ்யம்! எல்லாம் அப்போது கடையில் விற்ற புத்தம் புதிய கார்கள்.

பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில், இந்தியாவில் செய்த டாட்டா நெக்சான் கார் 5 நட்சத்திரம் பெற்றது. 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் டிரைவருக்குக் காற்றுப்பை கட்டாயம் என்று சட்டம் வந்தது. அடுத்து, டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கும் அது கட்டாயம் ஆயிற்று. 2023-ல் இந்திய அரசே "பாரத் என்கேப்" என்ற சோதனையைத் தொடங்கி, கார்களுக்கு நட்சத்திரம் கொடுத்து வருகிறது.

ஆகவே கார் வாங்கும் குடும்பம் நிறத்தையும் மைலேஜையும் கேட்டால் மட்டும் போதாது. "எத்தனை நட்சத்திரம்?" என்றும் கேட்க வேண்டும்.

ஒரு பட்டை

எத்தனை நட்சத்திரக் காராக இருந்தாலும், சீட் பெல்ட் போடாவிட்டால் பயன் இல்லை.

தோளிலும் இடுப்பிலும் பிடிக்கும் இந்தப் பட்டையை, சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனிக்காகச் செய்தவர் நில்ஸ் போலின் என்ற எஞ்சினீயர். அதுவும் அதே 1959-ல்தான்! மற்றக் கம்பெனிகளும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதி தந்தது.

கார் சட்டென்று நின்றாலும் உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னால் பாய்கிறார். அவரைப் பிடித்து நிறுத்துவது பட்டை. காற்றுப்பை அதற்குத் துணை. பட்டை போடாதவரைக் காற்றுப்பையே காயப்படுத்தவும் கூடும்.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி, டாட்டா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தார். அவர் போனது விலை உயர்ந்த கார். முன்னிருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னிருக்கையில் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பட்டை போடவில்லை என்று போலீசார் தெரிவித்தனர்.

அந்த ஓர் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் டிரைவர்கள் அல்ல. உடன் போனவர்கள்!

முன்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவது பல குடும்பங்களில் வழக்கம். அது பெரிய ஆபத்து. கார் மோதும்போது எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தைக்கென்று உள்ள இருக்கையைப் பின்னால் பொருத்தி, அதில் பட்டை மாட்டி உட்கார வைக்க வேண்டும்.

பழைய காரை என்ன செய்வது?

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய வண்டிகளைக் குறைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

50 ஆண்டுகளைத் தாண்டி, உருவம் மாறாமல் இருக்கும் கார்களுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. 2021-ல் வந்த விதிப்படி அவற்றை "வின்டேஜ்" கார்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டிப் போகலாம். தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது.

இது நல்ல ஏற்பாடு. தாத்தா வாங்கிய காரைத் துடைத்து வைத்துப் போற்றலாம். பேரப் பிள்ளைகளை அதன் அருகில் நிறுத்திப் படம் எடுக்கலாம். பழைய கதைகளைச் சொல்லலாம்.

ஆனால் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது, நல்ல நட்சத்திரம் பெற்ற காரில் போவதே புத்திசாலித்தனம். அதிலும், பின்னால் இருக்கும் பாட்டி வரை எல்லோரும் பட்டை மாட்டிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

கார் நொறுங்கினால் இன்னொரு கார் வாங்கலாம். உயிரை எந்தக் கடையில் வாங்குவது?