பின்கட்டும் சரித்திரமே

உட்லண்ட்ஸிலிருந்து கிழக்கே செம்பவாங் பக்கம் செல்வோர், அடுக்குமாடிகள் குறைந்து பெருமரங்களின் நிழல் கவியும் இடங்களில், கறுப்புச் சட்டங்களும் வெள்ளைச் சுவர்களும் கொண்ட பழைய பங்களாக்களைக் காண்பார்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் அதிகாரிகளுக்காக எழுந்த இவ்வீடுகளும், அவற்றுக்குத் தலைமைபோல் குன்றின்மீது செங்கல்லால் கட்டப்பட்ட அட்மிரல்டி மாளிகையும் இன்றும் நிலைத்திருப்பது நமக்கு மகிழ்ச்சியே. அம்மாளிகை 2002-ஆம் ஆண்டில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதையும் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், அவற்றைப் பற்றிச் சொல்லப்படும் சரித்திரம் பெரும்பாலும் முன்கட்டின் சரித்திரமாகவே நின்றுவிடுகிறது.

பங்களாவின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். ஈரத்துக்கு அஞ்சித் தூண்கள்மீது உயர்த்திய தளம். அனல் மேலெழுந்து தங்க உயர்ந்த கூரை. சாரலைத் தடுக்க நீண்டிறங்கும் ஓட்டுத் தாழ்வாரம். வெயில் ஏறும்போது இறக்கிவிட மூங்கில் தட்டிகள். வங்காளக் குடிசையும் மலாய்க் கம்பத்து வீடும் இங்கிலாந்தின் மரச்சட்ட அலங்காரமும் கலந்த அற்புதமான கட்டடக் கலை இது. ஆனால் சமையற்கட்டு மட்டும் வீட்டோடு ஒட்டாமல், கூரையிட்ட நடைபாதையால் இணைக்கப்பட்டுப் பின்னால் தள்ளி நிற்கும். அதையடுத்துப் பணியாட்களின் சிற்றறைகள் வரிசையாக இருக்கும். புகையும் கரியும் துரைமாரின் கூடத்துக்கு எட்டாதிருக்கச் செய்த அந்த ஏற்பாட்டில், அக்காலத்து ஏற்றத்தாழ்வு முழுவதும் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் பதிந்திருக்கிறது.

அச்சிற்றறைகளில் ஹைனானியச் சமையற்காரரும், கான்டோனிய ஆயாக்களும், தமிழ்த் தோட்டக்காரரும் ஜீவனம் செய்தார்கள். 1938-இல் திறக்கப்பட்ட பெரும் உலர்துறையிலும் பட்டறைகளிலும் தமிழரும் மலையாளிகளும் திரளாக உழைத்தார்கள். 1968-இல் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசிடம் ஒரு வெள்ளி என்னும் பெயரளவு விலைக்கு ஒப்படைக்கப்பட்டது. 1971-இல் பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி விடைபெற்றது. தளபதிகளின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. தோட்டக்காரரின் பெயர் அவர் பேரப்பிள்ளைகளின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது.

பணியாட்களின் அறைகளில் கலையழகு ஏது, வாடகைக்கு வருவோரின் வசதிக்காக அவற்றை மாற்றினால் என்ன என்று சிலர் கேட்கலாம். அழகு ஒன்றே காரணமாயின் பாதுகாப்புச் சட்டம் எதற்கு, ஒரு புகைப்படம் போதுமே! அரசுக்குச் சொந்தமான இப்பங்களாக்களை வாடகைக்கு விடும்போது, பின்கட்டை இடிக்கவோ உருத்தெரியாமல் மாற்றவோ கூடாது என்பதை நிபந்தனையாக விதிக்க வேண்டும். விளக்கப் பலகைகளில் அங்கு உழைத்தோரைப் பற்றியும் எழுத வேண்டும். 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிந்துவரும் தேசிய நிலையம், தளத்தில் பணிபுரிந்த முதியோரைத் தாமதமின்றித் தேடிச் செல்ல வேண்டும்.

உட்லண்ட்ஸிலும் ஈசூனிலும் வாழும் நம் வாசகர்களே, உங்கள் பாட்டனாரின் பணி அடையாள அட்டையோ பழைய புகைப்படமோ அலமாரியில் இருக்குமானால், அதன் பிரதியொன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்து உதவுங்கள்.