திருச்சோற்றுத்துறையில் ஒரு பகல்

தஞ்சையை அடுத்த திருக்கண்டியூரில் கார் திரும்பியதுமே, பின் இருக்கையிலிருந்த எண்பது வயதுப் பெரியவர் கண்ணாடியை இறக்கச் சொன்னார். தை மாதக் கடைசி. அறுவடையான வயலின் வைக்கோல் மணம் உள்ளே வந்தது. பேரனுக்கு அது வெறும் புழுதி. அவருக்கோ பிறந்த மண்.

சப்தஸ்தானத் தலங்கள் ஏழனுள் ஒன்று திருச்சோற்றுத்துறை. நந்திதேவரின் திருமணத்திற்கு அன்னம் அளித்த ஊர் என்பது ஐதிகம். இறைவன் ஓதனவனேசுவரர், ஓதனம் என்றால் சோறு. அம்பிகை அன்னபூரணி. சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கு எழுந்தருளும் நாளில், குடமுருட்டி மணலின் சூடு காலில் படாமல், தந்தையின் தோளில் அமர்ந்து சேவித்தது அவருக்கு இன்றும் கண்முன் நிற்கிறது.

விளைந்த நெல்லில் முதல் மரக்கால் சுவாமிக்கு அளந்த பின்னரே அவர்கள் வீட்டில் புது அரிசி உலையேறும். உத்தியோகம் கருதிச் சென்னைக்குப் பெயர்ந்தவர், முப்பது வயதில் நிலத்தை விற்றார். அந்த மரக்கால் தம்மால் நின்றுபோயிற்றே என்ற உறுத்தல்தான் இத்தனை ஆண்டுகளும் அவரை ஊர்ப்பக்கம் வரவிடவில்லை.

சந்நிதியில் புதுநெல்லோடு நின்ற ஒருவரை விசாரித்தார். நிலத்தை வாங்கியவரின் மகன்!

“இது நிலத்தோடு வந்த கடன்னு அப்பா சொல்லியிருக்காங்க ஐயா. ஒரு வருஷமும் விட்டதில்லை.”

பெரியவர் பதில் கூறவில்லை. தரையில் சிந்திக் கிடந்த நெல்மணிகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கலானார். அந்த வயதில் அது எளிதன்று. பேரனும் அருகில் அமர்ந்தான்.