பருவ மழையின் மேல் பழி

போர்க்களத்தில் எதிரியின் குண்டுக்கு இரையான வீரனுக்கு உலகம் புகழ் மாலை சூட்டுகிறது. பயிற்சிக்காக ஆகாயத்தில் ஏறி, பனி மூட்டத்தில் வழி தவறி, ஏதோ ஒரு மலைச் சரிவில் மோதி மாண்ட இருபது வயது வாலிபனைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. அவன் எதிரியைக் கண்டதுமில்லை. எதிரி அவனைக் கண்டதுமில்லை. ஆயினும் அவன் உயிர் யுத்தத்துக்குக் கொடுத்த உயிர்தான். அந்த உயிர்கள் எவ்வளவு, அவை ஏன் போயின, போனதற்கு யார் பொறுப்பாளி என்ற மூன்று கேள்விகளையும் இன்று நாம் எழுப்புவது பழங்கதை பேசும் ஆசையினால் அல்ல. இன்றும் நமது வாலிபர்கள் பயிற்சி விமானங்களில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே காரணம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்டு வரையில், அமெரிக்க ராணுவ விமானப்படையினர் தங்கள் சொந்த நாட்டின் எல்லைக்குள்ளேயே, குண்டு மழை எதுவும் பொழியாத வானத்திலே, சுமார் 15,000 பேர் விபத்துகளில் மாண்டனர். விபத்துகளின் எண்ணிக்கை 52,000-க்கு மேல். பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப்படையில் உயிர் துறந்தவர்கள் 55,573 பேர். அவர்களில் 8,000-க்கு மேற்பட்டோர் பயிற்சியிலும் இதர விபத்துகளிலும் போனவர்கள். ஏழு பேரில் ஒருவரை எதிரி கொல்லவில்லை. அவசரமும் அஜாக்கிரதையும் வானிலையும் கொன்றன என்று பொருள்.

நமது தேசத்தின் அநுபவமும் இதற்கு விலக்கல்ல. 1932-இல் இந்திய விமானப்படை தோன்றிய காலத்தில் விமானிகளாக எடுக்கப்பட்ட இந்தியர் ஐவர். அந்த ஐவரில் இருவர் 1933-ஆம் வருஷத்திலேயே ஒரே விபத்தில் மாண்டனர். யுத்தம் வந்ததும், ஒரே ஒரு ஸ்குவாட்ரனாக இருந்த படையை அவசரம் அவசரமாகப் பெருக்கினார்கள். பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் சிறு விமானங்களில் தொடக்கப் பயிற்சி, அம்பாலாவில் மேற்பயிற்சி என்று ஏற்பாடு. சமாதான காலத்தில் நிதானமாகக் கற்பிக்க வேண்டியதை யுத்த காலத்தில் விரைந்து கற்பித்தால் என்ன விளையும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலை. அதன் மேல் ஏற்காடு. ஏற்காட்டைச் சூழ்ந்த மலைக் கிராமங்களுள் ஒன்று செம்மநத்தம். இந்தக் கிராமத்தின் மேலுள்ள வானம் யுத்த காலத்தில் எந்தெந்த நிலையங்களுக்கு நடுவில் இருந்தது என்பதைப் படத்தை விரித்துப் பார்த்தால் விளங்கும். வடமேற்கே சுமார் 100 மைலில் பெங்களூரை அடுத்த எலஹங்கா. தென்மேற்கே 90 மைலுக்குள் சூலூர். அங்கே பிரிட்டிஷ் கடற்படையின் விமான நிலையம். அதன் அருகே கோயமுத்தூரில், கடற்படை விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய தொழிற்சாலை; அதற்கு நமது புராணத்திலிருந்தே 'கருடா' என்று பெயர் எடுத்துக்கொண்டார்கள். வடகிழக்கே 150 மைலில் தாம்பரம். சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று யுத்தத்துக்காகப் போடப்பட்ட ஓடுபாதைகள் இன்னும் பல.

சேலம் சமவெளி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 அடி. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியோ 5,326 அடி. சில மைல் தூரத்துக்குள் நிலம் நான்காயிரம் அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. அக்காலத்துப் பயிற்சி விமானிக்குத் திசைகாட்டியும் கடிகாரமும் படமும்தான் துணை. இத்தனை வேகத்தில் இத்தனை நிமிஷம் பறந்தால் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று மனக்கணக்குப் போடுவான். 100 மைல் பயணத்தில் திசை 5 பாகை பிசகினால் போதும், ஏறக்குறைய 9 மைல் விலகிவிடுவான். உயரத்தைக் காட்டும் மானியோ காற்றழுத்தத்தைக் கொண்டு கணக்கிடுவது. அழுத்தம் தாழ்ந்த பிரதேசத்துக்குள் புகுந்தால், உண்மையான உயரத்தைவிட அதிகமாகக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலையை மேகம் போர்த்திக்கொண்டிருக்கும்போது, நாலாயிரம் அடியில் தான் பத்திரமாகப் பறப்பதாக எண்ணும் மாணவனுக்கு முன்னால் மலை நிற்பது கடைசி வினாடி வரையில் தெரியாது. இதைப் 'விமானியின் பிழை' என்று இரண்டே வார்த்தைகளில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம். அனுபவமற்றவனை அந்த மேகத்துக்குள் அனுப்பியது யாருடைய பிழை என்ற கேள்வி கோப்புக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

வானிலையின் மேல் பழி போடுவது எவ்வளவு வசதியானது என்பதற்கு ஓர் உதாரணம் நமது பக்கத்திலேயே உண்டு. யுத்த காலத்தில் பிரிட்டிஷார் மரத்தினால் ஒரு விமானம் செய்தார்கள். மாஸ்கிட்டோ, அதாவது கொசு, என்று பெயர். மெல்லிய பலகைகளைப் பசை கொண்டு ஒட்டிச் செய்த அந்த விமானம் வேகத்தில் பெயர் பெற்றது. அதைப் பர்மா யுத்தத்துக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதை ஓட்டுவதற்கு விமானிகளைப் பழக்கும் பிரிவு எலஹங்காவிலும் பிறகு கோலாரிலும் இருந்தது. சேர்வராயன் மலைக்கு அரை மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய தூரம். 1944-ஆம் வருஷக் கடைசியில் மாஸ்கிட்டோக்கள் அடுத்தடுத்து விழுந்தன. சிறகு ஆகாயத்திலேயே பிரிந்துவிடுகிறது என்ற அச்சம் பரவி, நவம்பரில் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திச் சோதிக்க நேர்ந்தது.

காரணம் என்ன? உடனே சொன்ன பதில், இந்திய வெயிலும் பருவ மழையும் பசையை இளக்கிவிட்டன என்பது. விசாரிக்க ஒரு கோஷ்டி இந்தியாவுக்கு வந்தது. அதற்குத் தலைவர் மேஜர் ஹியர்வர்டு டி ஹாவிலண்டு. விமானத்தைச் செய்த கம்பெனியின் ஸ்தாபகருடைய சகோதரர். தன் வழக்கில் தானே நீதிபதியாக அமரலாகாது என்பது ஆங்கிலச் சட்டம் உலகத்துக்குப் போதித்த முதற்பாடம். அந்தப் பாடம் அன்று எங்கே போயிற்றோ! 1944 டிசம்பரில் அந்தக் கோஷ்டி கூறிய முடிவு: பசை கெடவில்லை, பருவ மழைக் காலத்து ஈரத்தில் விமானத்தின் உடல் சுருங்கியதே காரணம். பசை குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கப்பட்டது. மழை அதே இடத்தில் நிறுத்தப்பட்டது.

ஆனால் உண்மை அதோடு அடங்கவில்லை. பின்னர் நடந்த மற்றொரு விசாரணை, விமானங்களைச் செய்த விதத்திலேயே குற்றம் இருந்தது என்று திட்டமாகக் கூறிற்று. பிரிட்டிஷ் விமான உற்பத்தி மந்திரி இலாகாவின் நிபுணர்கள் டெஃபோர்டில் ஆராய்ந்தபோது, ஆறு ரக மாஸ்கிட்டோக்களில் ஒரே மாதிரியான குறைகளைக் கண்டார்கள். அவை ஹாட்ஃபீல்டு, லீவ்ஸ்டன் ஆகிய இரண்டு ஆங்கிலத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றுகூடப் பருவ மழையில் நனைந்ததில்லை. நமது ஊர்க் கறையானும் அவற்றைத் தீண்டியதில்லை. ஒட்டு வேலையின் தரம் போதாது என்பதே தீர்ப்பு. பிறகு சிறகின் மேல்பலகை இணைப்பு நெடுகிலும் ஒரு பலகைப் பட்டையை வைத்து மூடிப் பாதுகாப்புச் செய்தார்கள்.

யுத்த நெருக்கடியில் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின, தவறு நேர்ந்தது. அதை நாம் பெரிதுபடுத்தவில்லை. தவறு வெளிப்பட்ட மாத்திரத்தில் மனித மனம் எங்கே ஓடிற்று என்பதுதான் கவனிக்கத் தக்கது. தூர தேசத்தின் மழை வாய் திறந்து மறுக்காது. இறந்த விமானியும் மறுக்க மாட்டான். ஆகையால் பழியை ஏற்க இவ்விருவரைக் காட்டிலும் தகுந்தவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: முதல் முடிவை மறுத்துக் குற்றம் தங்கள் தொழிற்சாலையிலேதான் என்று எழுதியவர்களும் ஆங்கிலேயர்களே. அந்த நேர்மையினால் பின்னால் பறந்தவர்கள் பிழைத்தார்கள்.

அன்று நமது ஜனங்களுக்கு இவற்றில் எதையும் அறியும் உரிமை இல்லை. 1939-ஆம் வருஷத்து இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ராணுவ விஷயங்களில் அதிகாரிகள் விரும்பிய அளவுக்கு மேல் பத்திரிகைகள் எழுத முடியாது. விமானம் விழுந்த இடத்துக்கு முதலில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் மலைக் குடிகளும் உழவர்களும்தான். கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் கண்டதை அச்சிலேற்ற அன்று வழியில்லை. மாண்டவர்கள் ஆங்காங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் நிரந்தரமாகப் பராமரிக்க இயலாத இடங்களில் சிதறிக் கிடந்த யுத்தகாலச் சமாதிகளை ஒன்றுசேர்க்க 1952-இல் சென்னை நந்தம்பாக்கத்தில் ஒரு மயானம் ஏற்பட்டது. 800-க்கு மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். கல்லில் பெயரும் வயதும் தேதியும் உண்டு, காரணம் இல்லை.

அந்நிய ஆட்சி செய்ததைக் கூறி முடித்துவிட்டால் நமது கடமை தீராது. சுதந்திர இந்தியாவில் நிலைமை என்ன? நமது நாட்டிலேயே செய்த எச்.பி.டி.-32 என்ற தொடக்கப் பயிற்சி விமானம், 2009-இல் பறப்பதை நிறுத்தும் வரையில், 17 விபத்துகளில் 19 விமானிகளைப் பலி வாங்கியது. வேக விமானங்களுக்கு முன் மாணவர்களைப் பழக்க ஒரு மேல்நிலைப் பயிற்சி விமானம் வேண்டும் என்று லா ஃபான்டேன் குழு 1982-இல் சிபார்சு செய்தது. அதற்கான ஒப்பந்தம் 2004-இல் கையெழுத்தாயிற்று. விமானம் படையில் சேர்ந்தது 2008-இல். கால் நூற்றாண்டுக் காலம் காகிதம் மேஜைக்கு மேஜை நகர்ந்தது. அக்காலத்தில் புதிய விமானிகள் மிக்-21-இல் ஏறினார்கள். 2023 டிசம்பரில் தெலங்கானாவில் ஒரு பயிற்சி விமானம் விழுந்து இருவர் மாண்டனர். 2025 நவம்பர் 14-இல் நமது திருப்போரூருக்கு அருகிலேயே மற்றொன்று விழுந்தது; விமானி குதித்து உயிர் தப்பினார். ஒவ்வொரு தடவையும் விசாரணைக்கு உத்தரவிடப்பட்டதாகச் செய்தி வருகிறது. விசாரணையின் முழு முடிவு பொது ஜனங்களின் கைக்கு வருவது அபூர்வம்.

எதிரிக்குத் தெரியக் கூடாத ரகசியங்கள் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் ஏன் நின்றது, மாணவனை அந்த மேகத்துக்குள் யார் அனுப்பினார்கள் என்பவை எதிரிக்கு எதிரான ரகசியங்கள் அல்ல. தவறு செய்தவருக்கு அரணாக நிற்கும் ரகசியங்கள். வெள்ளையன் மூடினால் அநீதி, நம்மவர் மூடினால் தேச பாதுகாப்பு என்று இருவேறு நியாயம் பேசுவது சுயராஜ்யத்துக்கு அழகல்ல.

ஆகவே இரண்டு காரியங்கள் நடைபெற வேண்டும். பயிற்சி விமான விபத்துகளின் விசாரணை முடிவுகளை, மறைக்க வேண்டிய பகுதிகளை மாத்திரம் மறைத்து, குறிப்பிட்ட காலத்துக்குள் பார்லிமெண்டின் முன் வைக்க வேண்டும். விமானத்தைச் செய்தவர்களோ, வாங்கியவர்களோ அந்த விசாரணைக்குத் தலைமை வகிக்கக் கூடாது. இரண்டாவதாக, யுத்த காலத்தில் தமிழ்நாட்டில் விழுந்த விமானங்களின் ஜாபிதாவைத் தமிழிலேயே தயாரித்து வெளியிடும் பொறுப்பை நமது மாகாண ஆவணக் காப்பகம் ஏற்க வேண்டும். அக்காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று தொண்ணூறைத் தொட்டவர்கள். சேர்வராயன் மலையில் அவர்கள் வாய்மொழியைக் கேட்டுக் குறித்துக்கொள்ள இனிப் பத்து வருஷம் கூட இல்லை.

விழுந்த விமானத்தைத் திரும்ப எழுப்ப இயலாது. அது ஏன் விழுந்தது என்று தெரிந்துகொள்வது ஒன்றே அடுத்த வாலிபனுக்கு நாம் கொடுக்கக்கூடிய பாதுகாப்பு. அதையும் மறுத்துவிட்டு மழையையும் மலையையும் விதியையும் நொந்துகொண்டிருந்தால், மாண்டவர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி வெறும் சடங்காகவே முடியும்.