ஜெல்லுன்னா நேச்சுரலாம்ல!

மக்களே, இன்னிக்கு மேட்டர் நகம். வெட்டிப் போடுற நகம் இல்லை, காசு கொடுத்து ஒட்டிக்கிற நகம்.

தோழிக்குத் துணையாக ஒரு சலூனுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பொண்ணு சொல்லுது: "அக்ரிலிக் வேணாம் மேடம், கெமிக்கல். ஜெல் போட்டுக்கங்க, நேச்சுரல்." எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. அந்தப் பொண்ணு பாவம், சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுது. சொல்லிக் கொடுத்த மகராசன் மேலதான் கோபம்.

ரெண்டும் பங்காளிகள்தாங்க. குடும்பப் பெயர் அக்ரிலேட், மெத்தாக்ரிலேட். அக்ரிலிக்கில் திரவத்தையும் பவுடரையும் பிரஷ்ஷில் கலந்து வைத்தால் காத்துலயே இறுகிடும். ஜெல்லை யூவி இல்லாட்டி எல்ஈடி விளக்குக்கு அடியில் காட்டினால்தான் இறுகும். ஜெல்லில் நாத்தம் வராது, அதனால நேச்சுரலாம். வாசம் சேர்க்காத சமையல் கேஸுக்கும்தான் வாசம் கிடையாது!

'டிப் பவுடர்'னு ஒண்ணு. விளக்கும் வேணாம், நாத்தமும் இல்லை, அதனால ரொம்ப மென்மையாம். பவுடரைப் பிடித்து வைக்கிற பசை சயனோஅக்ரிலேட். நம்ம ஃபெவிக்விக்கின் ஒண்ணுவிட்ட தம்பி. வர்றவங்க எல்லாரும் ஒரே டப்பாவுக்குள்ள விரலை விடுறாங்களான்னு மட்டும் பாத்துக்கங்க.

நேச்சுரல்னு சொன்னா என்ன குடி முழுகிடும்னு கேப்பீங்க. சொல்றேன். சரியா இறுகாத ஜெல் தோலில் பட்டால் சிலருக்கு அலர்ஜி வரும். விரல் நுனி வெடிக்கும், நகம் கழண்டு வரும். வந்த அலர்ஜி பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பல் அடைக்கிற வெள்ளை சிமெண்டும், மூட்டு மாற்று ஆபரேஷனில் எலும்பை ஒட்டுற சிமெண்டும் இதே குடும்பம்தான். இருபத்தஞ்சு வயசுல நகத்துக்கு ஆசைப்பட்டது அறுபது வயசுல முட்டிக்கு வந்து நிக்கலாம். பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018லேயே இந்த அலர்ஜி பத்தி எச்சரிச்சாச்சு. ஜெல்லை இறுக வைக்கப் போடுற டிபிஓ என்கிற சமாச்சாரத்தை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடையே பண்ணிடுச்சு. நேச்சுரலாம்!

அக்ரிலிக்குக்கு நான் வக்காலத்து வாங்கலை. அதுலயும் ஒரு வில்லன் உண்டு: எம்எம்ஏ. மலிவு சரக்கு. சுத்த எம்எம்ஏ திரவத்தை விற்றவர்கள் மேல 1970களிலேயே அமெரிக்க எஃப்டிஏ நடவடிக்கை எடுத்தது. இப்ப ஒழுங்கான கடைகள் வைக்கிறது ஈஎம்ஏ. எம்எம்ஏ கல்லு மாதிரி இறுகும், அசிட்டோனில் லேசில் கரையாது. எங்கயாவது இடிச்சா ஒட்டின நகம் உடையாது, சொந்த நகம் பேத்துக்கிட்டு வரும். பக்கத்துக் கடையை விட பாதி விலைன்னா கொஞ்சம் யோசிங்க.

கழட்டுற கதையையும் எவனும் முன்னாடி சொல்றதில்லை. ஜெல் பாலிஷ் அசிட்டோனில் ஊறினால் வந்துடும். ஹார்ட் ஜெல் வராது, அரம் போட்டு ராவணும். பொறுமை இல்லாம உரிச்சீங்கன்னா சொந்த நகத்தின் மேல் பொறையும் சேர்ந்து உரிஞ்சு வரும்.

போஸ்டர்ல பளபளன்னு கையைப் போடத் தெரியுதுல்ல? அது கீழ இது என்ன சரக்கு, எதால இறுகும், எப்படிக் கழட்டுறதுன்னு மூணு வரி போட எத்தனை ரூவா ஆகும்? அதுவரைக்கும் பாட்டிலைக் காட்டச் சொல்லிப் படிச்சுப் பாத்துட்டு விரலை நீட்டுங்க. காட்ட மாட்டேன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

டிஸ்கி: இது பொம்பளைங்க மேட்டர்னு நைசா நழுவுற அண்ணாச்சிகளே, கிளாசிக்கல் கிதார் வாசிக்கிற ஆம்பளைங்க பல பேரு வலது கை நகத்துல அக்ரிலிக் போட்டுக்கிறாங்க. உங்களுக்கும் சேர்த்துதான் சொன்னேன்.