கார் ரசிகர்கள் பேசட்டும். குழந்தை எங்கே உட்காரும்?

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஆரம்பமாகிவிட்டதா? "ஃபோர் வீல் டிரைவ்", "டார்க்", "ரேஞ்சு" என்று ஆண்பிள்ளைகள் கூடிக் கூடிப் பேசுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். பழைய சின்னக் காரைத் தள்ளிவிட்டு, நல்ல உயரமான எஸ்.யூ.வி. ஒன்று வாங்கவேண்டுமாம். பத்து லட்சத்துக்கும் மேல் கைவைக்கும் காரியம். ஆனால் அந்தப் பேச்சில் நம் பங்கு, காபி கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி!

கார் ரசிகர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. என் தம்பியே அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவனும் அவன் சிநேகிதர்களும் வாதம் செய்வதைக் காது கொடுத்துக் கேட்டேன். விஷயம் தெரிந்துதான் பேசுகிறார்கள்.

முதல் கட்சி, மஹிந்திரா தார். 2020 அக்டோபர் 2-ல் வந்த புதிய தார் என்றால் இவர்களுக்கு உயிர். பழைய ஜீப்பின் வாரிசு. ஏணி மாதிரி இரும்புச் சட்டத்தின்மேல் உட்கார்ந்த உடம்பு. சேறு, மணல் எதுவானாலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஆனால் பக்கத்துக்கு ஒரு கதவுதான். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கவேண்டும். அந்தக் குறை தீரவே, 2024 ஆகஸ்ட் 15-ல் தார் ராக்ஸ் வந்தது. "கதவு கூடினது சரி, குலுக்கல் போகலையே!" என்கிறார் ஒருவர்.

இரண்டாவது கட்சி, 2023 ஜூனில் வந்த மாருதி ஜிம்னி. "எடை குறைவு, ஆட்டுக்குட்டி மாதிரி பாறை ஏறும்" என்று புகழ்கிறார்கள். நாலு பேர்தான் உட்காரலாம். பின்சீட்டு நிமிர்ந்திருந்தால் சாமான் வைக்க 208 லிட்டர் இடம்தான். இங்கே எதிர்பார்த்த அளவு விலைபோகவில்லை. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். இங்கே தயாரான இதே ஐந்து கதவு வண்டியை 2025 ஜனவரி கடைசியில் ஜப்பானில் அறிமுகம் செய்தார்கள். சில நாளிலேயே ஏறக்குறைய 50,000 பேர் பதிவு செய்ய, கம்பெனி ஆர்டர் வாங்குவதையே நிறுத்திவைத்தது!

மூன்றாவது கட்சி, மின்சாரக் கார். 2024 நவம்பரில் நம் சென்னையில்தான் மஹிந்திரா தன் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ என்ற இரண்டு மின்சார வண்டிகளை வெளியிட்டது. 2025 ஜூனில் டாடா ஹாரியர் இ.வி. வந்தது. அதில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு மோட்டார் வைத்த வகையும் உண்டு. "தொட்டவுடனே முழு பலமும் வருது, வேற என்ன வேணும்?" என்கிறான் இளைஞன். "சத்தமே இல்லாத வண்டியில் காட்டுக்குப் போய் என்ன ரசனை? நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் யார் தள்ளுவது?" என்கிறார் பெரியவர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு, "ஏண்டா, எட்டு மாசக் குழந்தையை எங்கே உட்கார வைப்பே?" என்றேன்.

"மடியிலதான் அக்கா. எல்லாரும் அப்படித்தானே போறாங்க!"

இங்கேதான் நாம் வாய் திறக்கவேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய 'பாரத் என்கேப்' என்ற மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்குத் தனியாக 49. தார் ராக்ஸ், ஹாரியர் இ.வி. இரண்டுமே ஐந்து நட்சத்திரம் பெற்றவை. குழந்தைப் பிரிவில் இரண்டுக்கும் 45. சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தை அளவிலான பொம்மைகள் குழந்தை இருக்கையில் கட்டி வைக்கப்படுகின்றன. தாய் மடியில் அல்ல! இருக்கை இல்லாவிட்டால் அந்த 45 நம் குழந்தைக்குச் சேராது. மோதும் வேகத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது.

கைக்குழந்தையின் இருக்கை பின்சீட்டில், குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி இருக்கவேண்டும். காற்றுப்பை வேலை செய்யும் முன்சீட்டில் அப்படி ஒருநாளும் வைக்கக்கூடாது. இரண்டே கதவு வண்டியில், மடக்கிய சீட்டின் இடுக்கில் குனிந்து, கனமான பிள்ளையைத் தூக்கி வைத்து வார் மாட்டிப் பாருங்கள். சிசேரியன் ஆன உடம்புக்கு அது பெரிய வேலை.

அடுத்து, மூட்டுவலிக்கார மாமியார். தாரின் அடிப்பாகமே தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம். உட்காரும் இடம் அதற்கும் எவ்வளவோ மேலே. புடவையோடு ஏறி இறங்கவேண்டுமே!

மின்சார வண்டி என்றால் வீட்டு வயரிங்கும் சேர்ந்த கணக்கு. 45 யூனிட் கொள்ளும் பேட்டரியை, மணிக்கு 3 யூனிட் ஏற்றும் சாதாரண பவர் பிளக்கில் நிரப்ப 15 மணி நேரம். 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினால் ஆறேழு மணி. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம். அடுக்குமாடி என்றால், வண்டி புக் செய்வதற்கு முன்பே சங்கத்தில் எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள். விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டர் சாலையில் அப்படியே கிடைக்காது. 2020 ஜனவரியில் வந்த நெக்ஸான் இ.வி.க்குச் சொன்னது 312. ஓட்டியவர்களுக்குக் கிடைத்தது 200 சொச்சம். ஊருக்குப் போகும் தூரத்தை இந்தக் கணக்கில் பாருங்கள்.

ஷோரூமுக்கு நீங்களும் போங்கள். குழந்தை இருக்கையை எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். மாமியாரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒரு தண்ணீர்க் குடமும் இரண்டு பெட்டியும் டிக்கியில் கொள்ளுமா என்று கேளுங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

என் தம்பி மனைவி குழந்தை இருக்கையின் விலையை விசாரித்துவிட்டாள். "இதுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடணும்" என்று கறாராகச் சொல்லியும்விட்டாள். பாறை ஏறும் வண்டியோ, பிளக்கில் மாட்டும் வண்டியோ, எது வேண்டுமானாலும் வரட்டும். குழந்தைக்கு இடம் போட்டபிறகு வரட்டும், அவ்வளவுதான்.